இறந்தவருக்கு ஆறு மாத அவகாசம்

நீங்கள் பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள். நான் ஒன்பது நாற்பதுக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படியொரு தொழில், கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும்.

வரிக் கணக்கு எழுதித் தாக்கல் செய்து கொடுக்கிறேன். ஆடிட்டருக்குப் படித்தவன் இல்லை. துறையின் உரிமம் மட்டும் உண்டு. ஆனால் எங்கள் கடைத் தெருவில் எல்லோரும் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். மாடியில் ஒரே அறை. இரண்டு மேசை, மூன்று இரும்பு அலமாரி, ஒரு மின்விசிறி. விசிறியை இரண்டுக்கு மேல் வைத்தால் ஊரார் வருமானம் எல்லாம் தரையில் பறக்கும். வாசலில் ஒரு பலகை: 'முப்பத்தோரு வருடம். ஒரு நாள் தாமதம் இல்லை.' வருடம் மாறும்போது எண்ணை மட்டும் அழித்து எழுதுவேன். இரண்டாவது வரியைத் தொட்டதே இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் தனி ஆட்களின் கணக்குக்குக் கடைசித் தேதி ஜூன் முப்பது, வியாபாரக் கணக்குக்குச் செப்டம்பர் முப்பது. மாலை ஐந்து மணிக்கு வரித்துறை ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஐந்தேகாலுக்குப் போனால் 'தாமதம்' என்று சிவப்பு முத்திரை குத்தி வாங்குவார்கள். தாமத அபராதம் பெரிதில்லை. ஒரு தலையணை வாங்குகிற காசு. நீங்கள் இதைத்தான் நேற்று மூன்று முறை கேட்டீர்கள்: ஒரு தலையணைக் காசைக் கட்டித் தொலைத்திருக்கலாமே என்று. கட்டியிருக்கலாம். ஆனால் தாமதக் கணக்கில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் நான் அதில் எதையும் எழுதியதில்லை. எழுத என்னிடம் காரணம் இருந்ததில்லை.

எங்கள் தெருக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். நானும் அங்கேயே வளர்ந்தவன். அப்பா துணி வியாபாரி. அந்தத் தெருவில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. மருத்துவர் பத்து நாள் மாத்திரை எழுதினால், "ஏழு போதுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆகவே ஜூன் முப்பது என்றால் ஜூன் முப்பதுக்குக் காகிதம் வராது. நான் ஜூன் பதினைந்து என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வருடத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஜூன் பத்து என்றேன்.

"பத்தா? ரொம்ப ஏத்திச் சொல்றீங்க ஆடிட்டர்," என்றார் பாத்திரக் கடைக்காரர். "கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"இது விலை இல்லண்ணே. தேதி."

"எதுவா இருந்தா என்ன, வாயால சொல்றதுதானே? நான் இருபத்தஞ்சுன்னு வெச்சுக்கறேன். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

இப்படியே நடந்தது. நான் ஏற்றிச் சொல்வேன், அவர்கள் இறக்கிக் கொள்வார்கள், காகிதம் எப்படியோ இருபத்தெட்டு இருபத்தொன்பதுக்குள் என் மேசைக்கு வந்துவிடும். இதில் பொய் என்று எதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தால் அது பொய்யில்லை, பேரம்.

மெத்தைக் கடைக்காரர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். பத்தொன்பது வருடமாக அதே கடை. விற்கும் முன் ஒவ்வொரு மெத்தையிலும் தானே ஒரு தடவை படுத்துப் பார்ப்பார். வாங்க வந்தவர்கள் பத்து நிமிடம் நின்றுகொண்டு அவர் எழுந்திருக்கக் காத்திருந்ததும் உண்டு. கணக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மெத்தனம். இந்த வருடம் மே மாதம் தங்கை என் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, ஊருக்கெல்லாம் தப்பா தேதி சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்காவது உண்மையைச் சொல்லக்கூடாதா? சொந்த மச்சானே என்னை நம்ப மாட்டேங்கறார்னு வருத்தப்படறார்."

சரி, சொந்தத்துக்குள் எதற்குப் பேரம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் உள்ள தேதியைச் சொன்னேன். ஜூன் முப்பது, மாப்பிள்ளை. அவர் தலையாட்டினார். அதோடு பதினைந்து நாளைக் கூட்டிக்கொண்டு, ஜூலை பதினைந்தாம் தேதி காலை, துணிப்பை நிறையக் காகிதத்தோடு சிரித்துக்கொண்டே மாடி ஏறி வந்தார்.

"பாத்தீங்களா மச்சான்? சொன்னா சொன்ன தேதிக்கு."

நான் உண்மையைச் சொன்னதால் நேர்ந்த தவறு அது. குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜூன் முப்பது மாலை நான்கரைக்கு நான் வரித்துறை வரிசையில் நின்றிருந்தேன். கையில் அறுபத்தேழு கணக்குகள் இருந்தன. அறுபத்தெட்டாவது, மாப்பிள்ளையின் சொந்தக் கணக்கு, வரவில்லை. கடைக்கு நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மதியம் படுத்தால் அவருக்கு உலகம் தெரியாது. ஜன்னல் பலகையில் காலிப் படிவங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் அவகாசம் கேட்கும் ஒரு பக்கப் படிவம் ஒன்று. கட்டம் பதினான்கு: 'வரி செலுத்துபவர் இறந்துவிட்டாரா?' கட்டம் பதினைந்து: 'ஆம் எனில், இறந்த தேதி.' ஆம் என்றால் வாரிசுக்கு ஆறு மாத அவகாசம். சான்றிதழை அப்போது தர வேண்டாம், கேட்கும்போது காட்டினால் போதும். அந்தத் துறையில் இவ்வளவு மனிதத்தன்மை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பதினான்கில் ஒரு டிக் போட்டேன். பதினைந்தில் ஜூன் இருபத்தெட்டு என்று எழுதினேன். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. நீல முத்திரை.

மாப்பிள்ளையிடம் மறைக்கவில்லை. ஜூலை பதினைந்தாம் தேதியே உட்கார வைத்துச் சொன்னேன். விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"சரி, நான் எப்ப உயிரோட வரலாம்?"

"டிசம்பர் கடைசி. அவகாசம் முடிஞ்சப்புறம்தான் திருத்த மனு போட முடியும். முன்னாடியே போட்டா அவகாசம் ரத்து. ரத்தாச்சுன்னா கணக்கு தாமதம்."

"டிசம்பரா? அநியாயம் பண்ணாதீங்க மச்சான். ஆகஸ்ட் பதினஞ்சு வெச்சுக்கலாம்."

"முடியாது."

"சரி, உங்களுக்காக ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

அப்போது இருவரும் சிரித்தோம். பிரச்சினை பிறகுதான் வந்தது. வரித்துறை வங்கிக்குத் தகவல் அனுப்பியது. வங்கி அவர் கணக்கை நிறுத்திவிட்டு, தங்கைக்கு ஆழ்ந்த அனுதாபக் கடிதம் அனுப்பியது. மெத்தைத் தொழிற்சாலை இனிமேல் ரொக்கத்துக்குத்தான் சரக்கு என்றது. கடைசியாகக் கட்டிட ஓனர் வந்தார். கடையின் வாடகை ஒப்பந்தம் அக்டோபர் முப்பத்தொன்றோடு முடிகிறது. மாப்பிள்ளை பேனாவை எடுத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இல்லங்க," என்றார் ஓனர். "செத்தவர் கையெழுத்தை வாங்கி நான் நாளைக்கு கோர்ட்ல நிக்க முடியாது."

"நான் உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியலையே. உயிரோடதான் இருக்கேன்னு வரித்துறைல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, அரை நிமிஷத்துல போட்டுடலாம். இல்லன்னா முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் பூட்டிடுவேன். பக்கத்து ஃபேன் கடைக்காரர் அட்வான்ஸோட நிக்கறார்."

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அவருக்கு வேண்டியதெல்லாம் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் உயிரோடு ஆவது. பெரிய ஆசை இல்லைதான். நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை.

இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. மெத்தைக் கடைக்காரருக்கு ஆடிட்டர் ஆறு மாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் பரவியது, மற்றது பரவவில்லை. சலுகை என்று ஒன்று இருப்பது தெரிந்தால் எங்கள் தெருவில் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் மாதம், வியாபாரக் கணக்குக்குக் கெடு நெருங்கும்போது, முதல் ஆளாகப் பாத்திரக் கடைக்காரர் வந்தார்.

"உங்க மாப்பிள்ளைன்னா ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? நான் இருபது வருஷ கஸ்டமர். எனக்கு ஒரு ஏழு மாசமாவது போடக்கூடாதா?"

"அண்ணே, அதுக்கு நீங்க செத்திருக்கணும்."

"போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தம்பியையும் சேத்துப் போட்டா உங்க ஃபீஸ்ல ஏதாவது குறைப்பீங்களா?"

நான் மறுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். மறுத்தேன். மூன்று நாள் மறுத்தேன். பிறகு குடைக் கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து வந்து, என் தங்கை வீட்டுக்கு மட்டும் ரகசியச் சலுகை என்று துறைக்கே மனு எழுதிப் போடுவதாகச் சொன்னார்கள். வியாபாரிகள் மிரட்டினால் அதுவும் பேரத்தின் ஆரம்பம்தான், ஆனாலும் மனு மனுதான். அதோடு, செப்டம்பர் இருபத்தாறு ஆகியும் அவர்களில் ஒருவருடைய காகிதமும் வரவில்லை. ஆறு மாதம் வரும் என்ற நம்பிக்கையில் யாரும் எதையும் அடுக்கவே இல்லை. நாற்பத்திரண்டு கணக்குகள். என் பலகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கடைசி வாரத்தில் நாற்பத்திரண்டு பேரையும் எழுதினேன். தேதிகளைக் கொஞ்சம் பரவலாக, ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருகிற மாதிரி போட்டேன். 'இறப்புக்கான காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் குடைக் கடைக்காரர் விடவில்லை. "சும்மா விட்டுடாதீங்க. மரியாதையா ஏதாவது போடுங்க, ஹார்ட்டுன்னு போடுங்க," என்றார். போட்டேன்.

எனக்குத் தெரிந்த தொழில் கணக்கு, சுகாதாரம் தெரியாது. அந்தப் பக்கம் யோசிக்காமல் விட்டது என் தவறு. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நாற்பத்திரண்டு சாவு என்று வரித்துறைக் கணினி சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டது. அக்டோபர் ஏழாம் தேதி நான்கு பேர் முகமூடி, கையுறையோடு வந்து தெருக் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள். குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டியது பாத்திரக் கடைக்காரர்தான். அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. தண்ணீர் சுத்தம் என்று சான்று வந்தது. இருந்தாலும் ஒரு வாரம் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரர் அதைக் கறாராகக் கடைப்பிடித்தார்.

அக்டோபர் பதினாறாம் தேதி எனக்குக் கடிதம் வந்தது. நான் அவகாசம் வாங்கிய நாற்பத்து மூன்று இனங்களில் ஒன்றை மட்டும் நேரில் சரிபார்ப்பார்கள். அது சரியாக இருந்தால் மீதி நாற்பத்திரண்டும் பார்க்காமலே ஏற்கப்படும். தவறாக இருந்தால் எல்லாவற்றையும் திறப்பார்கள். பொய்த் தகவலுக்கு ஆளுக்கு இரண்டு வருடம் வரை சிறை, எனக்கு உரிமம் ரத்து. சரிபார்க்கும் நாள் அக்டோபர் இருபத்தொன்று. தேர்ந்தெடுத்த இனம், பழையது முதலில் என்ற முறைப்படி, மெத்தைக் கடை.

இதை நான் நியாயமான ஏற்பாடாகவே பார்க்கிறேன். துணிக் கடையில் சாம்பிள் துண்டு காட்டித்தான் நூறு பீஸ் விற்பார்கள். அப்பா எந்தச் சரக்கிலும் கை வைப்பார், சாம்பிளில் மட்டும் வைக்க மாட்டார். சாம்பிள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே வியாபாரப் பாடம் அது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவர் படித்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"வரட்டும் மச்சான். இருபத்தொண்ணாம் தேதி நல்ல சட்டை போட்டுட்டுக் கடை வாசல்லயே நிக்கறேன். தொட்டுக்கூடப் பாக்கட்டும். அவங்க கையாலயே லெட்டர் வாங்கிட்டு நேரா ஓனர்கிட்ட போறேன்."

"நாப்பத்திரண்டு குடும்பம், மாப்பிள்ளை."

"நாப்பத்திரண்டு பேரும் அவங்களா வந்து செத்தாங்க. என்னை நீங்க கேக்கவே இல்ல."

அவர் சொன்னது உண்மை. பேரத்தில் எதிராளி உண்மையைச் சொல்லிவிட்டால் வேறு பக்கம் பேச்சைத் திருப்ப வேண்டும். நான் அன்று, மறுநாள், அதற்கு மறுநாள் என்று மூன்று நாள் பேசினேன். வேறு கடை பார்த்துத் தருகிறேன் என்றேன். ஃபேன் கடைக்காரரோடு பேசுகிறேன் என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் ஊரில் இல்லாமல் இருங்கள், தங்கை அழுதுகொண்டு நிற்கட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சான்றிதழ் கேட்பார்களே என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அதுவும் சரி.

கடைசியில் நவம்பர் ஒன்று வரைக்குமாவது இறந்திருங்கள் என்று கேட்டேன். அதாவது ஒரே ஒரு நாள் கூடுதல்.

"முடியாது மச்சான்," என்றார். "ஒரு நாள்தான்னு உங்களுக்குத் தோணும். அந்த ஒரு நாள்ல எனக்குக் கடை போயிடும். நான் இறங்கி வர்றதுக்கு இதுல எடமே இல்ல."

அவர் எதிலும் இறங்கி வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

நீங்கள் அக்டோபர் பத்தொன்பதைப் பற்றிக் கேட்டீர்கள். மதியம் இரண்டு இருபதுக்குக் கிடங்குக்குப் போனேன். கடைக்குப் பின்னால் நீளமான அறை, ஜன்னல் ஒன்றுதான். இடப்பக்கச் சுவரோரம் நார் மெத்தைகள், முப்பத்தாறு, கூரைவரை இரண்டு அடுக்காக நிற்கும். சரியாமல் இருக்கத் தூணோடு சேர்த்து ஒரே கயிற்றில் கட்டியிருப்பார். அதை ஒட்டித் தரையில் அன்று வந்த பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு மாப்பிள்ளை படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மெத்தை போலிருக்கிறது, தூங்கிவிட்டிருந்தார்.

எழுப்பிப் பேசலாம் என்றுதான் போனேன். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். "மாப்பிள்ளை" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் வரவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பேசியாகிவிட்டதும் நினைவுக்கு வந்தது. புதிதாகச் சொல்ல என்னிடம் தேதி எதுவும் இல்லை.

கயிற்றில் போட்டிருந்தது சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் போதும். இழுத்தேன். மேல் அடுக்கு முதலில் கொஞ்சம் யோசித்தது, பிறகு மொத்தமாக வந்தது. மெத்தைதானே, சத்தம் பெரிதாக இல்லை. பஞ்சு மெத்தையை விட நார் மெத்தை கனம். ஒன்று மட்டும் விலகிப் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் அசைவு இருந்தது. நான் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்கார வேண்டாம் என்று பையிலிருந்த நோட்டை எடுத்து அடுத்த வார வேலைகளைத் தேதிவாரியாக எழுதினேன். எழுத்து ஆரம்பத்தில் கொஞ்சம் கோணலாக இருக்கும். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். இருபது நிமிடத்தில் இறங்கினேன். மூன்று மணிக்குக் குடைக் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தேன். இரண்டு ஐம்பத்தைந்துக்கு மேசையில் இருந்தேன்.

மருத்துவர் விபத்து என்று சான்றிதழ் கொடுத்தார். கட்டுத் தளர்ந்து சரக்கு சரிந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நான் வாய் திறந்து பொய் சொல்கிறவன் இல்லை.

இருபத்தொன்றாம் தேதி இறுதிச் சடங்கு. சரிபார்ப்பு அதிகாரி ஒரு பெண்மணி. கையில் பட்டியல், தோளில் தண்ணீர் பாட்டில். எங்கள் தண்ணீரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். தெருவே திரண்டு நின்றது. நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள், எப்படி வராமல் இருக்க முடியும்? அதிகாரி பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்து, நீங்கள் யார் என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் பாத்திரக் கடைக்காரர்.

"நான் பாத்திரக் கடைங்க. இல்ல, பாத்திரக் கடையோட தம்பிங்க. அண்ணன் போனதுல இருந்து நான்தான் கடையப் பாத்துக்கறேன்."

அவருக்கு அடுத்து நின்றது அவருடைய உண்மையான தம்பி. அவர் தன்னை மச்சான் என்று சொல்லிக்கொண்டார். வரிசை முழுக்க இப்படியே தம்பிகளும் மச்சான்களுமாக நின்றார்கள். இவ்வளவு பேரை இழந்தும் கடைகளைத் திறந்து வைத்திருக்கிறார்களே என்று அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், சான்றிதழின் பிரதியை வாங்கிக்கொண்டார். பட்டியலில் தேதிக்குக் கட்டம் இல்லை, இறந்தவரா என்பதற்கு மட்டும்தான். அதில் ஒரு டிக் போட்டார். மாதிரி சரி. நாற்பத்து மூன்றும் ஏற்கப்பட்டன. நாற்பத்திரண்டு குடும்பங்கள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டன என்பதை நீங்கள் உங்கள் குறிப்பில் எழுதவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

கடையை அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி ஃபேன் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம்தான். ஓனரிடம் என்னால் ஆனதைப் பேசி, மாப்பிள்ளை கட்டியிருந்த அட்வான்ஸில் ஒரு பகுதியைத் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தேன்.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் கணக்கு. அவர் ஜூலையில் கொண்டுவந்த துணிப்பையைப் பிரித்து நானே ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அழகாக வந்தது. வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் நான்காம் தேதி தங்கை வந்தாள். பேனாவைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, கணக்கோடு இணைத்திருந்த ஜூன் மாதப் படிவத்தை ஒரு பக்கமும் மருத்துவரின் சான்றிதழை ஒரு பக்கமும் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள்.

"இதுல ஜூன் இருபத்தெட்டுன்னு இருக்குண்ணா."

"ஆமாம்மா."

"ஜூன் இருபத்தெட்டு ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு உங்க வீட்லதான் எல்லாரும் சாப்பிட்டோம். அவர் ரெண்டாவது தடவை சோறு வாங்கினார். அண்ணிதான் போட்டாங்க."

"அது அந்த அவகாசப் படிவம்மா. நீதான் மே மாசம் உண்மைத் தேதியைச் சொல்லச் சொல்லி..."

"முன்னாடியே எழுதி வெச்சுட்டீங்களாண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை. இரண்டு காகிதத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு விதிமுறைகள் உடனே பிடிபடாது. ஆனால் டிசம்பர் இறுதிக்குள் அந்தக் கணக்கில் கையெழுத்து விழ வேண்டும். உங்கள் காவல் நிலையத்திலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போடுவாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன். கயிற்றை இழுத்தது நான். மேலே உட்கார்ந்ததும் நான். கோபத்தில் செய்யவில்லை, அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதியும் இன்றைய தேதிதான், வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் பக்கம் தவறே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. கட்டம் பதினைந்தில் நூற்றுப் பதின்மூன்று நாள் முந்திப் போட்டுவிட்டேன். அது கவனக்குறைவு, அதற்கு என்ன அபராதமோ கட்டிவிடுகிறேன். மற்றபடி அந்தப் படிவத்தில் பொய் என்று எதுவும் இல்லை.